மறைத்து வைக்கும் மரு

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். இன்றைய விஷயம் மர்ம உறுப்பில் வரும் மரு. இதையெல்லாம் சபையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஹைளையும் குளிப்பையும் கிதாபு விரித்து ஓதிக்கொடுத்த உஸ்தாதுமாரிடம் படித்தவர்கள் நாம். நோயைப் பேச மட்டும் ஏன் கூச்சம்?

பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ தோல் நிறத்தில், அல்லது கருத்து, சின்னப் பருக்களாக வரும். சேர்ந்து வளர்ந்தால் காலிஃப்ளவர் மாதிரி தெரியும். பெரும்பாலும் வலிக்காது, அரிக்கலாம். வலி இல்லாததால்தான் மாதக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பத்தில் ஒன்பது மருவுக்கு அதன் 6, 11 ஆகிய வகைகளே காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது 16, 18 போன்ற வேறு வகைகள். ஆகவே மரு வந்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இது தாம்பத்திய உறவில் தோலோடு தோல் பட்டுத் தொற்றுவது. ஆனால் தொற்றிய சில வாரங்களிலும் மரு வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம், வருடம் கடந்தும் வரலாம். மருவே வராமல் வைரஸைச் சுமப்பவரும் உண்டு. சபுராளி லீவில் வந்திருக்கும்போது மனைவிக்கு மரு தெரிந்தால், "நான் இல்லாதபோது என்ன நடந்தது?" என்று கேட்கிறார். அது அவரிடமிருந்தே வந்திருக்கலாம். நிக்காஹுக்கு முன்பே யாரிடமாவது இருந்திருக்கலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மருவைச் சாட்சியாக வைத்து தலாக் பேச வருபவர்களுக்குச் சொல்கிறேன்: ஒழுக்கமுள்ள பெண் மீது பழி சொல்ல நான்கு சாட்சி கேட்கிற மார்க்கம் நம்முடையது.

கணவன் மனைவி இருவருமே டாக்டரிடம் போங்கள். மரு போலவே தெரியும் மேகப்புண் உண்டு. அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், மருந்தும் வேறு. இயல்பாகவே இருக்கும் சிறு புள்ளிகளை மரு என்று பயப்படுபவரும் உண்டு. பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர்.

சுண்ணாம்பு வைப்பது, நூல் கட்டுவது, கால் ஆணிக்கு விற்கும் மருந்தைத் தடவுவது எதுவும் வேண்டாம். அந்த இடத்துத் தோல் வெந்துவிடும். டாக்டர் பூச மருந்து தருவார். அல்லது திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார், மின்சூட்டால் கருக்குவார். மரு போனாலும் முதல் சில மாதங்களில் திரும்ப வருவது சகஜம். டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்காமல் அவரிடமே மீண்டும் போங்கள். கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சில மருந்துகள் அவர்களுக்கு ஆகாது. குணமாகும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது. ஆணுறை ஓரளவுதான் தடுக்கும். முடி களைவது சுன்னத்து. ஆனால் மரு இருக்கும்போது பிளேடு பட்டால் பக்கத்துத் தோலுக்கும் பரவும், கத்தரியால் நறுக்கிக்கொள்ளுங்கள்.

9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நம் நாட்டில் தயாராகும் செர்வாவேக் 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கிறது. வந்த மருவை ஊசி போக்காது.

அரசு மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் என்று கேளுங்கள். காசு இல்லை, விவரம் வெளியே போகாது. பெண்கள் மகப்பேறு டாக்டரம்மாவிடமும் காட்டலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நம் அலுவலகத்தில் "ஆஸ்பத்திரி போகணும்" என்று மட்டும் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்க மாட்டோம். பஸ் செலவும் தருவோம்.