பின்னாலிருந்து தள்ளிய விமானம்

தேக்கா சந்தையில் காய்கறி மூட்டை ஏற்றிய வண்டியை முன்னால் நின்று இழுப்பவரும் உண்டு, பின்னாலிருந்து தள்ளுபவரும் உண்டு. விமானத்திலும் அப்படித்தான். சிறிய விமானங்கள் பெரும்பாலும் முன்னால் சுழலும் விசிறியால் இழுக்கப்படுகின்றன. பெங்களூரில் உள்ள இந்திய அரசின் விமான ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'சரஸ்' விமானத்தில் மட்டும் இரண்டு விசிறிகளும் வால்பக்கம் இருந்து தள்ளும். இரைச்சல் பயணிகளுக்குப் பின்னால் போய்விடும். இறக்கைக்குக் கலங்காத காற்று கிடைக்கும். நல்ல யோசனை அல்லவா?

சின்ன ஊர்களை இணைக்க 14 பேர் செல்லும் விமானம் என்பது திட்டம். 1991ல் ரஷ்யர்களுடன் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்கள் பாதியில் விலகினார்கள். 1998 அணுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடை வேறு. ஒருவழியாக 2004 மே 29ல் முதல் மாதிரி பறந்தது. ஆனால் எடை, திட்டமிட்ட 4,125 கிலோவைப் பல நூறு கிலோ தாண்டியிருந்தது. 2007ல் பறந்த இரண்டாவது மாதிரியில் எடையைக் குறைத்து, இயந்திரத்தின் சக்தியைக் கூட்டினார்கள்.

அந்த இரண்டாவது விமானம்தான் 2009 மார்ச் 6ல் பிடதி அருகே விழுந்தது. விமானிகள் பிரவீண் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் இளையராஜா மூவரும் இறந்தார்கள். இளையராஜா என்றதும் நமக்குப் பாட்டுதான் நினைவுக்கு வரும். இந்த இளையராஜா இந்திய விமானப்படை அதிகாரி. எத்தனை பேருக்குத் தெரியும்?

"விசிறியைப் பின்னால் வைத்தால் விழாமல் என்ன செய்யும்?" என்று கோப்பிக் கடையில் ஒருவர் என்னிடம் கேட்டார். விசாரணை சொன்னது வேறு. பறக்கும்போதே ஓர் இயந்திரத்தை நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்த்தார்கள். அதற்கு வடிவமைப்பாளர்கள் வகுத்துத் தந்த முறையே தவறு. போதிய உயரமும் இல்லை. விசிறி இருந்த இடத்தின் மேல் பழி போடுவது சுலபம், அவ்வளவுதான்.

விபத்துக்குப் பிறகு நிதியும் நின்றது. 2016 தொடக்கத்தில், வேலை அடியோடு நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. மூன்று உயிர் போனபின் ஓராண்டு, ஈராண்டு நிறுத்தி யோசித்தது நியாயம். தவறு எங்கே என்று தெரிந்த பிறகும் கிடப்பில் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒதுங்கிக் கிடந்த அந்த முதல் மாதிரியையே திருத்தி, 2018 ஜனவரி 24ல் பெங்களூரில் மீண்டும் பறக்கவிட்டார்கள். ஓட்டியவர்கள் விமானப்படை விமானிகள். அப்போதும் விசிறிகள் பின்னால்தான் இருந்தன.