தொண்ணூறு மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அறிமுகம் செய்தபோது, "பிரான்சில் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியவர்" என்றார். அன்பில் சொன்னது, ஆனால் கணக்கு தப்பு. நான் ஓட்டியது சுமார் 780. மீதி தூரம் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. அட்லாண்டிக் கரையோரம் இருக்கும் பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதிகபட்சம் 90 மணி நேரம். கடிகாரத்தோடுதான் போட்டி. இதில் கலந்துகொள்ள அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை முடித்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை வெயிலில் பழகி, எல்லாவற்றையும் முடித்தேன். "ஜெயிக்கிறதெல்லாம் அப்புறம், ஆள் முழுசா வந்து சேருங்க" என்று சொல்லித்தான் மனைவி வழியனுப்பினாள்.

2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு மாலை, ராம்புயே நகரில் புறப்பட்டோம். பெரிய மலை எதுவும் இல்லை; உயரமான இடமே 400 மீட்டருக்குள்தான். ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் எவரெஸ்ட்டைத் தாண்டி விடும். பிரெஸ்ட் வரை எதிர்க்காற்று. ஆகஸ்ட் மாதமாயிற்றே என்று போனால், இரவில் பல் கிட்டும் குளிர். கிராமத்து மக்கள் வாசலில் மேஜை போட்டு காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். "போன் கூராஜ்!" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கத்துவார்கள். தைரியமாய்ப் போ என்று அர்த்தம்.

என் தப்பு முதல் இரவிலேயே ஆரம்பித்தது. உடம்பில் தெம்பு இருந்தது, தூங்கவில்லை. நிலையங்களில் கட்டில் உண்டு. எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிப் படுத்தால் எழுப்பி விடுவார்கள். நான் படுக்கவில்லை. அதே சமயம், ஒவ்வொரு நிலையத்திலும் சாப்பாட்டு வரிசை, அரட்டை, போட்டோ. பன்னிரண்டு இடத்தில் அரை மணி வீணானால் ஆறு மணி நேரம்! ஒரு இரவுத் தூக்கம் அது. சைக்கிளில் வேகமாய்ப் போய்ச் சேமித்ததை, நின்று பேசியே செலவழித்தேன்.

மூன்றாம் இரவு, பிரெஸ்டிலிருந்து திரும்பும் வழி. சாலையோரம் ஆட்கள் வரிசையாய் நிற்பதுபோல் தெரிந்தது. கிட்டப் போனால் மரங்கள். பிறகு பின்னால் வந்தவர் போட்ட சத்தத்தில் விழித்தேன். முன்சக்கரம் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பள்ளம்.

லூடெயாக் நிலையத்துக்கு வந்தபோது நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. கால் வலி தாங்கும் வலிதான். யாரும் என்னை நிறுத்தவில்லை. நான்தான் அட்டையைக் கொடுத்து, "போதும்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மறைப்பானேன்?

தம்பி தங்கையரே, விடாமுயற்சி பற்றி இந்த மேடையில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் தேர்வுக்கு முந்தின நாள் விடிய விடிய விழித்துப் படித்தேன் என்று பெருமை பேசுகிறவர்களில் நானும் ஒருவனாய் இருந்தேன். தூக்கம் கடன் மாதிரி. வட்டியோடு, நாம் எதிர்பாராத இடத்தில் வந்து கேட்கும்.

அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் முத்திரை, மீதிக் கட்டங்கள் காலி. 2023-ல் போக முடியவில்லை. அடுத்தது 2027. போனால், முதல் இரவே தூங்கி விடுவேன்.