பரிதாபம் போதும், பள்ளிக்கு அனுப்புங்கள்!

(வீரசோழன் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வாரச்சந்தை கூடுகிற ஊர் இது. ஆட்டின் காலைப் பார்த்தே விலை சொல்லிவிடுவீர்கள். நொண்டுவது வெளிப்படையாகத் தெரிகிற ஆடு குர்பானிக்கு ஆகாது. அது ஆட்டுக்குள்ள சட்டம். அதே கணக்கை நாம் பெற்ற பிள்ளைக்குப் போடலாமா?

பார்வையில்லாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, கால் நடக்காத பிள்ளை வீட்டில் இருந்தால், "பாவம், வீட்டோடு இருக்கட்டும்" என்கிறோம். ரமளானில் ஜகாத் கொடுத்ததும் கடமை தீர்ந்தது என்கிறோம். தீரவில்லை சகோதரர்களே!

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்றவர்கள். மார்க்கம் கற்க அவர்கள் வந்த நேரம், நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக் கொண்டிருந்தார்கள். வந்தவருக்கு முகம் கொடுக்கவில்லை. அதற்காகவே 'அபஸ' எனும் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. பிரமுகர்களைவிட, கற்கும் ஆவலோடு வந்தவருக்கே முதலிடம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே உணர்த்தினான்.

பிறகு அந்தத் தோழரை மூலையில் உட்கார வைத்துச் சோறு போட்டார்களா? இல்லை. பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். நபியவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தார்கள். அழைத்துவர ஆளில்லை, வீட்டிலேயே தொழலாமா என்று கேட்டவரிடம், பாங்கு காதில் விழுந்தால் வரத்தான் வேண்டும் என்றார்கள். சபைக்கு அழைப்பதுதான் இரக்கம்!

நம் தென்மாவட்டத்தையே பாருங்கள். பாளையங்கோட்டையில் 1890ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அதே ஊரில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதோருக்குத் தொடங்கினார். கிறிஸ்தவ மிஷனரிகள் நூறாண்டுக்கு முன்பே செய்தார்கள். 'அபஸ' ஓதுகிற நாம் என்ன செய்தோம்? புள்ளி எழுத்தில் குர்ஆன் இருக்கிறது. விரலால் தடவி, இடமிருந்து வலமாக ஓதலாம். நம் மதரஸாவில் ஒரு பிரதி உண்டா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம். அரசுப் பணியில் 4 சதவீதம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆளும், கூடுதல் நேரமும் கிடைக்கும்.

இளைஞர்களே! தெருத்தெருவாகச் சென்று இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். விருதுநகரிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள். பாடம் வாசித்துக் காட்டுங்கள்.

உஸ்தாதுமார்களே, ஆசிரியர்களே! பலகையில் எழுதுவதை வாய்விட்டும் சொல்லுங்கள். காது கேளாத பிள்ளையை முன்வரிசையில் வைத்து, முகம் காட்டிப் பேசுங்கள். புரிய நேரமாகிற பிள்ளைக்குப் பாடத்தைச் சிறுசிறு பகுதியாகக் கொடுங்கள். ஒன்று வந்ததும் பாராட்டுங்கள். பிரம்பு வேண்டாம்.

வியாபாரிகளே! ஒரு பிள்ளை பள்ளிக்குப் போய்வரும் ஆட்டோ செலவை ஒரு கடை ஏற்கட்டும். படித்து வந்த பிள்ளைக்குக் கல்லாவில், கணக்கில் இடம் கொடுங்கள். தர்மமாக வேண்டாம், உழைப்புக்குக் கூலியாகக் கொடுங்கள்.

நாளை மறுமையில் இந்தப் பிள்ளைகளைப் பற்றியும் நம்மிடம் கேள்வி உண்டு. பதில் சொல்லும் தகுதியை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.