கிழங்கு எடுத்தால் போதாது, விதையும் போடணும்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு மாகாளிக்கிழங்கைப் பற்றிப் பேசுவோம். எருக்கு, நன்னாரி, சிறுகுறிஞ்சான் எல்லாம் சேர்ந்த குடும்பத்துக் கொடி இது. கிள்ளினா பால் வரும். தென்னிந்திய மலைகளுக்கே உரியது. இதன் ஊறுகாய் வாசனை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனா இன்று இது அழிவை நோக்கிப் போகும் செடிகளில் ஒன்று. விற்பனைக்காக வேரோடு தோண்டுவதால், விதை விழுவதற்கு முன்பே கொடி செத்துப்போகுது.

குழுவில் நாம் சேமிப்பை எவ்வளவு கவனமா பார்த்துக்கறோம்! காட்டில் மட்டும் அசலையே தோண்டி எடுக்கலாமா?

இதன் காய் இரண்டிரண்டாகக் கொம்பு மாதிரி இருக்கும். முற்றி வெடித்தா, எருக்கம் விதை போலப் பஞ்சோடு பறந்துடும். அதனால் காய் பழுப்பாகும்போதே மெல்லிய துணியால் கட்டிவிடுங்க. எல்லாக் காயையும் பறிக்க வேண்டாம். பாதி கொடியிலேயே இருக்கட்டும். பஞ்சை நீக்கி, நிழலில் உலர்த்தி, அந்தப் பருவத்திலேயே விதைச்சிடுங்க. நாள் ஆக ஆக முளைப்பு குறையும்.

செம்மண், மணல், மக்கிய எரு சம அளவு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பால் கவரில் நிரப்புங்க. விதையை இரவு ஊறவைத்து, மேலாக ஊன்றி, லேசாக மண் தூவினால் போதும். அரை நிழலில் வையுங்க. தண்ணீர் தேங்கினா அழுகிடும்.

மழை தொடங்கியதும், பாறை ஓரமா, கொடி பற்றி ஏற ஒரு புதர் பக்கத்தில் நடணும். காட்டில் நடுவதற்கு முன் கிராம சபையிலும் வனத்துறையிலும் பேசிடுங்க. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடி மக்களுக்குக் கிழங்கு சேகரித்து விற்கும் உரிமையைத் தருகிறது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் அதே சட்டம் சொல்லுது.

உடனே பணம் வராதுன்னு சிலர் கேட்பீங்க. உண்மைதான், கிழங்கு பருக்கச் சில வருஷம் ஆகும். பிறகும் ஒரு பக்கக் கிழங்கை மட்டும் எடுத்து, மீதியை மண் மூடிவிட்டா கொடி பிழைக்கும்.

குழுவில் 15 பேர், ஆளுக்கு 10 பைன்னா 150 நாற்று. செலவு அதிகமில்லை. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்க. நாளைக்கு நம்ம பெண் பிள்ளைகளும் கிழங்கு எடுக்கக் காட்டில் கொடி இருக்கணும்.