ஹாஜிகளின் மூட்டை காத்த ஊர்

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



மதீனாவுக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் அல்உலா என்றோர் ஊர். இருபுறமும் செம்மலை, நடுவே பேரீச்சந்தோப்பு. தோப்பை ஒட்டி, கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய பழைய கிராமம். சுமார் 900 வீடுகள், 400 கடைகள். சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டியதால் வெளிப்புற வீடுகளே ஊரின் மதிலாகிவிட்டன. 1980-களில் மக்கள் புது ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆளில்லாத மண்வீடு எத்தனை காலம் நிற்கும்? கூரைகள் சரிந்தன.

"இடிந்த சுவரைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று வாலிபர்கள் கேட்கலாம். வியாபாரிகள் சற்றுக் காது கொடுங்கள்.

ஹிஜ்ரி 726, அதாவது 1326-ல், திமிஷ்கிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதா இவ்வழியே சென்றார். பின்னாளில் நம் மதுரைக்கும் வந்துபோன அதே இப்னு பதூதாதான். ஹாஜிகளின் காஃபிலா இங்கே நான்கு இரவுகள் தங்கும். துணி துவைப்பார்கள், உணவுப்பொருள் வாங்குவார்கள். மிகுதியான மூட்டைகளை இவ்வூராரிடமே ஒப்படைத்துவிட்டு, தேவையானதை மட்டும் சுமந்து செல்வார்கள். இவ்வூரார் அமானிதம் பேணுபவர்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். சிரியாவின் கிறிஸ்தவ வணிகர்களும் இதுவரை வந்து ஹாஜிகளுக்குச் சரக்கு விற்றார்கள். இதற்கு அப்பால் செல்லமாட்டார்கள். ஒரு கிராமத்துக்கு இதைவிடப் பெரிய வணிக முத்திரை வேண்டுமா?

பல நூற்றாண்டுகள் கழித்து ஹிஜாஸ் ரயில் பாதையும் இவ்வூர் வழியாகவே போடப்பட்டு, 1908-ல் மதீனாவை எட்டியது. அல்உலாவுக்குத் தெற்கே முஸ்லிம் பொறியாளர்களே வேலை செய்தார்கள். அந்தப் பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை கொடுத்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சிலர் மார்க்க ரீதியாகத் தயங்குகிறார்கள். சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே அல்ஹிஜ்ர் இருக்கிறது. தபூக் பயணத்தில் அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அழுதவர்களாகவே தவிர அங்கே நுழைய வேண்டாம் என்றார்கள். அக்கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. அந்த எச்சரிக்கையைத் தூக்கி அல்உலாவின் மீது வைப்பது நியாயமல்ல. இது பள்ளிவாசல் கட்டித் தொழுதவர்களின் ஊர். ஒன்றைப் பாதுகாப்பது வேறு, புனிதமாக்குவது வேறு.

என் கவலை வேறு. அங்கே தந்தூரா என்ற நிழல் கடிகாரம் உண்டு. மண்பூசிய சிறு கூம்பு. அதன் நிழல் குறித்த கல்லைத் தொட்டால் குளிர்கால விதைப்பு தொடங்கும். ஊற்று நீரை எந்தத் தோப்பு எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதும் அந்நிழலைப் பார்த்தே. நீருக்காக வெட்டிக்கொள்ளாமல் வாழ்ந்ததற்கு அதுவே சாட்சி. 2017-ல் அல்உலாவுக்கென அரசு ஆணையம் அமைத்தார்கள்; கிராமத்தைச் செப்பனிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் தந்தூரா பெயரில் 2018-ல் குளிர்கால விழா தொடங்கி, மேனாட்டுப் பாடகர்களை வரவழைத்தார்கள். சுவர் பிழைத்துக்கொள்ளும், தண்ணீர் பங்கிட்ட கணக்கு யார் நினைவில் பிழைக்கும்?

மதீனாவிலும் ஜித்தாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விடுமுறையில் ஒருமுறை போகட்டும். படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல், அந்த மண்வீடுகளில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைத் தேடி, நிழல் பார்த்து நீர் பங்கிட்ட முறையைக் கேட்டு எழுதி வரட்டும். அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.