பிரசங்க பீடமும் தேர்தல் மேடையும்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் சங்க மேடையிலே அமெரிக்கக் கிறித்தவரைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று முன்வரிசையிலுள்ள முதியோர் சிலர் எண்ணுவது எமக்கு விளங்குகின்றது. நாவலர் பெருமான் காலத்துக் கண்டனங்களை மீண்டுங் கிளப்ப நாம் வரவில்லை. காரணம் வேறு, அதனைக் கடைசியிற் கூறுவோம்.

1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனரிமாரை எம்மவர் அறிவர். அவர்களை இங்கே அனுப்பிய சுவிசேஷ எழுச்சி, அவர்களுடைய தாய்நாட்டிலே பின்னர் என்ன வடிவெடுத்தது என்பதே இன்றைய விடயம். வேதாகமமே முடிந்த முடிபு, உள்ளம் மாறி மறுபடியும் பிறத்தல் வேண்டும், அச்செய்தியைப் பிறர்க்கும் அறிவித்தல் வேண்டும் என்போரே சுவிசேஷக் கிறித்தவர்.

இவருள் பெரும் பிரிவினர் பப்டிஸ்த சபையார். அரசாங்கம் சமயத்திலே தலையிடலாகாது என்று அந்நாட்டில் முதன்முதல் முறையிட்டவர்களுள் இவர்களுடைய முன்னோரும் உளர். ரோஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர் மசாசூசெற்ஸ் குடியேற்றத்தினின்று துரத்தப்பட்டு, 1636 இல் பிராவிடன்ஸ் என்னும் ஊரை அமைத்தார். திருச்சபையாகிய தோட்டத்துக்கும் உலகமாகிய காட்டுக்கும் இடையே மதில் வேண்டும் என்பது அவர் கருத்து. காட்டைக் காப்பதற்கன்று, தோட்டத்தைக் காப்பதற்கே அம்மதில். 1801 இல் டான்பரி வட்டாரப் பப்டிஸ்தர் ஜனாதிபதி ஜெபர்சனுக்கு எழுதியதும் சமய சுதந்திரம் வேண்டியே.

பின்னர் அம்மதிலிலே வாயில் திறந்தவர்களும் போதகர்களே. ஜெரி பால்வெல் என்பார் 1965 இல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலே பாதிரிமார் ஊர்வலம் போவதைக் கண்டித்து, போதகர் தொழில் ஆன்மாக்களைச் சேர்ப்பதே, அரசியலன்று எனப் பிரசங்கித்தார். அவரே 1979 இல் 'மொறல் மஜோரிட்டி' என்னும் அரசியல் இயக்கத்தை நிறுவினார்! கருச்சிதைவை அனுமதித்த 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பும், நிறவேற்றுமை காட்டிய கிறித்தவக் கல்லூரிகளின் வரிவிலக்கு நீக்கப்பட்டதும் இதற்குத் தூண்டுகோலாயின. கருவிலுள்ள சிசுவும் உயிரே என்று மெய்யாக நம்புபவன் வாளாவிருக்க மாட்டான். அந்த நம்பிக்கையை நாம் எள்ளி நகையாடலாகாது.

ஆயினும் நடந்தது யாது? சொந்த வாழ்விலே ஒழுக்கந் தவறியவர் பொதுப்பதவியில் நேர்மையாய் நடத்தல் கூடுமா என்று 2011 இல் ஓர் ஆய்வு நிறுவனம் வினவியபோது, வெள்ளையினச் சுவிசேஷக் கிறித்தவருள் நூற்றுக்கு 30 பேரே 'ஆம்' என்றனர். 2016 இல் அதே வினாவுக்கு 72 பேர் 'ஆம்' என்றனர். ஐந்து ஆண்டிலே வேதாகமம் மாறவில்லை, வேட்பாளர் மாறினார். அவ்வாண்டிலே இவர்களுட் பத்துக்கு எட்டுப்பேர் அளவில் டொனால்ட் ட்றம்ப் அவர்களுக்கு வாக்களித்தனர். அதே வேதத்தை அதே பக்தியோடு ஓதும் கறுப்பினக் கிறித்தவருட் பெரும்பாலார் எதிர்க்கட்சிக்கு வாக்களித்தனர். அவர்களைப் பிரித்தது வேதமா?

பில்லி கிரஹாம் 1956 இல் தொடக்கிய 'கிறிஸ்ற்றியானிற்றி ருடே' என்னும் பத்திரிகை, 2019 டிசம்பரில் ட்றம்ப் பதவி நீக்கப்படல் வேண்டுமென எழுதிற்று. உடனே சுவிசேஷத் தலைவர் ஏறக்குறைய இருநூறு பேர் அதனைக் கண்டித்துக் கையொப்பமிட்டனர். ஒரே சபைக்குள்ளே இந்தப் பிளவு. இவற்றையெல்லாம் இளைஞர் பார்த்துக்கொண்டே இருந்தனர். 1990 அளவில் அந்நாட்டிலே சமயம் எதுவுமில்லை என்றோர் பத்தில் ஒருவருக்குங் குறைவு. இன்று கால் பங்குக்கு மேல். அரசியற் கலப்பொன்றே அதற்குக் காரணமென நாம் சொல்லோம். ஆனால் அதுவும் ஒரு காரணமென ஆராய்ச்சியாளர் பலர் கூறுகின்றனர்.

இனி, முதலிற் சொன்ன காரணம். தேர்தற் காலமொன்றிலே வேட்பாளர் ஒருவர் எமது சங்க மேடையைக் கேட்டார். நல்ல சைவர், கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கியவர். நிர்வாக சபையிலே இரண்டு இரவு வாதிட்டு, ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் மறுத்தோம். அன்று தொடக்கம் எம்மோடு முகங்கொடுத்துப் பேசாத அன்பர் சிலர் இவ்வவையிலும் உளர். அவர்கள் இன்று வந்து அமர்ந்து, இவ்வளவு நேரமுங் கேட்டது எமக்குப் பெருமகிழ்ச்சி.