புள்ளி போன பலகை

மூதூரில் சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, கட்டில், அலுமாரி என்று போய்க்கொண்டிருந்த பட்டறைக்குள் சில வருடங்களுக்கு முன் ஒரு சி.என்.சி. மெசின் வந்து குந்திக்கொண்டது. படத்தைக் கொடுத்தால் மரத்தில் செதுக்கித் தருமாம் என்று ஊரில் பேச்சு. பாதிதான் உண்மை. படத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு மென்பொருள் இருக்கிறது. இன்றைக்கு வானொலியில் அதைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

மெசினுக்குப் படம் தெரியாது. வலப்பக்கம் இத்தனை மில்லிமீற்றர் போ, முன்னுக்கு இத்தனை, கீழே இத்தனை. இவ்வளவுதான் அதற்குப் புரியும். இந்தக் கட்டளைகளை ஜி-கோட் என்பார்கள். ஜி சைபர் என்றால் மரத்தைத் தொடாமல் விரைந்து போ. ஜி ஒன்று என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டு போ. ஒரு பெயர்ப்பலகைக்கே ஆயிரக்கணக்கான வரிகள் வரும். கையால் எழுதுகிற காரியமா? மென்பொருள்தான் எழுதித் தருகிறது.

அது படத்தை இரண்டு விதமாகப் பார்க்கும். ஒன்று நிழலைப் பார்ப்பது, மற்றது ஓரத்தைப் பார்ப்பது. நிழல் கதையைச் சுருக்கிவிடுகிறேன். கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு, மொத்தம் 256 படிகள். 5 மில்லிமீற்றர் ஆழம் கொடுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 0.02 மில்லிமீற்றர். லினக்ஸ் சி.என்.சி. என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் போட்டோவில் கறுப்பாய்த் தெரிவதெல்லாம் பள்ளமில்லையே! ஒருவர் தன் அப்பப்பாவின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். கறுத்த மீசை, மூக்குக்குக் கீழே வாய்க்கால் வெட்டினது போல வந்தது. நரைத்த புருவம் இரண்டும் வரம்பாக எழும்பி நின்றன. அப்பப்பா வயல்காரர்தான், அதற்காக முகத்திலேயா வேளாண்மை?

சரி, எனக்குப் பிடித்த பக்கத்துக்கு வருகிறேன். எழுத்து.

எழுத்துக்கு ஓரம் பார்க்கிற வழிதான் சரி. இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற எல்லையைக் கோடாக எடுத்துத் தரும். அந்தக் கோட்டை எப்-என்கிரேவ் என்ற இன்னொரு மென்பொருளுக்குக் கொடுத்தால், எழுத்தின் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுமுதுகைக் கண்டுபிடித்து, கூர்முனை வி-பிட்டை அதன் வழியே ஓட்டும். இழுப்பு அகலமான இடத்தில் பிட் ஆழ இறங்கும், ஒடுங்குகிற இடத்தில் மேலே எழும்பும். 90 பாகை பிட் என்றால் 10 மில்லிமீற்றர் அகலத்துக்கு 5 மில்லிமீற்றர் ஆழம். 'ழ'வின் வால் முடிகிற இடத்தில் அது மெல்ல மெல்ல மேலே வந்து மரத்தை விட்டு விலகும் பாருங்கள், தேநீர் ஆறுவது தெரியாமல் நின்றுவிடுவேன்.

போன வருடம் ஒரு தங்கச்சி வந்தார். அவருடைய அப்பா படகுகளுக்குப் பெயர் எழுதினவர், இப்போது உயிரோடு இல்லை. அவர் கையெழுத்தாக மிஞ்சியிருந்தது, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகில் இருந்த பெயர்தான். 'முத்துச்செல்வம்'. அதைப் போனில் படமெடுத்து வந்திருந்தார். "அண்ணா, அப்பான்ர எழுத்து அப்பிடியே வேணும். வாசலில மாட்டப் போறன்."

படத்தைத் திறந்தால் பெயின்ற் உரிந்து, உப்புப் பூத்து, எங்கும் பொட்டுப் பொட்டு. அப்படியே வெட்டினால் பலகைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். இன்ன அளவுக்குச் சிறிய பொட்டுகளை விட்டுவிடு என்று இங்க்ஸ்கேப்புக்கு ஓர் எண் கொடுக்கலாம். எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். திரை துப்புரவானது. முதிரைப் பலகையை இறுக்கி மெசினை ஓடவிட்டேன்.

பார்க்க வந்தபோது மகனையும் கூட்டி வந்திருந்தார். தரம் மூன்று படிக்கிற பையன். எழுத்தெழுத்தாய் விரல் வைத்து வாசித்தான். "அம்மா, இதில 'செலவம' எண்டெல்லோ கிடக்கு!"

உப்போடு சேர்த்து நான்கு புள்ளியும் போய்விட்டது. செல்வம் செலவாகிவிட்டது! தங்கச்சி சிரித்தார், எனக்குத்தான் வியர்த்தது.

மென்பொருளைக் குறை சொல்லமாட்டேன். அளவில் உப்புப் பொட்டும் அப்பாவின் புள்ளியும் ஒன்றுதான். புள்ளியில்லாத எழுத்தும் நமக்குப் புதிதல்ல. திருகோணமலைக்குப் போகிறவர்கள் பிரெட்றிக் கோட்டை வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். கல்லில் இரட்டை மீனும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியும், பழைய கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளியைக் காணமுடியாது. ஓலையில் எழுதினவர்களும் விட்டுவிடுவார்கள், குத்தினால் ஓலை பொத்துப்போகும். வாசிக்கிறவர் தானே போட்டு வாசித்துக்கொள்வார். தரம் மூன்றுப் பையனிடம் அந்த நியாயம் எடுபடுமா?

நல்லகாலம், பலகையை நான் இன்னும் கழற்றவில்லை. படத்தைப் பெருப்பித்து, தங்கச்சியைப் பக்கத்தில் இருத்தி, எது உப்பு, எது அப்பா என்று கேட்டுக் கேட்டு வட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். 'ல்'லில் வந்ததும் மறித்தார். "இல்லை அண்ணா, அப்பா புள்ளியை வைக்கிறேல்ல, இழுக்கிறவர்." உற்றுப் பார்த்தால், தூரிகை போன பக்கமாய்ச் சாய்ந்து, நெல்மணி போல இருந்தது. வட்டத்தை அழித்துவிட்டு நெல்மணி போட்டேன். நான்கு புள்ளியையும் வெட்ட மெசினுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நேரம் முடிகிறதாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பாமினி எழுத்துரு கதை ஒன்று பாக்கி. பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா'கூட எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிவிடும். ஆகவே எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமென்ராக அனுப்புங்கள், உருக்குலையாது. முற்பணம் கொடுக்க முன் திரையில் புள்ளிகளை எண்ணுங்கள். உங்கள் கரையிலும் கையால் பெயர் எழுதின பழைய படகு ஏதும் கிடக்கலாம். புதுப் பெயின்ற் பூச முதல் ஒரு படம் எடுத்து வையுங்கள், நேராக நின்று, நிழல் விழாமல்.